என்ன தின்றாய் என்று கேட்டார்கள்

மூத்தது வயிற்றுக்குள்ளேயே இறந்து பிறந்தபோதும் அதைத்தான் கேட்டார்கள். இளையவள் உயிரோடு பிறந்து நான் பாயில் சாகக் கிடந்தபோதும் அதையேதான் கேட்டார்கள். என்ன தின்றாய்? இத்தனை வருஷம் கழித்தும் யாராவது ஒரு நோயாளியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கேட்டவர்கள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கோபம் மட்டும் போகவில்லை. போகவும் வேண்டாம்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கல்யாணமாகி நான் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு ரயில் பட்டறையில் வேலை. ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். நாலைந்து வீடு தள்ளி அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், குடியிருந்தாள். வரிசையின் கோடியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய்.

முதல் தடவை உண்டானபோது எனக்குத் தாகம் எடுத்தது. தாகம் என்றால் சாதாரணத் தாகம் இல்லை. குடத்தை இறக்கி வைத்த கையோடு அதில் பாதியைக் குடித்துவிடுவேன். குடித்ததெல்லாம் உடனே நீராய்ப் போகும். மறுபடி தாகம். குழாயடியில் இருந்த பெண்களிடம் சொன்னேன். ரெட்டை உயிர், அப்படித்தான் இருக்கும் என்றார்கள். பசியும் அப்படியே எடுத்தது. நாத்தனார் கேசரி, பால் பணியாரம், பழப்பாயசம் என்று தூக்குச் சட்டியில் கொண்டுவந்து, "ரெண்டு உயிருக்குத் திங்கணும், தின்னு" என்று பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாள். வயிறு பெரிதாகப் பெரிதாக அந்த வரிசைக்கே பெருமை. ஆம்பளப் பிள்ளைதான், எவ்வளவு பெருசு பாரு என்று வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

மாதம் நிறையும் சமயத்தில் ஒருநாள் வயிறு அசையாமல் போயிற்று. ஆண் பிள்ளைதான். கொழுகொழுவென்று, தலை நிறைய முடியோடு, மூச்சில்லாமல் பிறந்தான். அவனைத் துணியில் சுற்றி வெளியே எடுத்துப்போன அதே நேரத்தில் நாத்தனார் என் காதருகே குனிந்து கேட்டாள்.

"அன்னாசி தின்னியா? பப்பாளி தின்னியா? என்ன தின்னே, சொல்லு."

நான் தின்றதெல்லாம் அவள் கையால் தின்றதுதான். அதைச் சொல்லும் தெம்பு அன்றைக்கு எனக்கு இல்லை. இப்போது இருக்கிறது, கேட்க அவள்தான் இல்லை.

அதற்குப் பிறகு நான் உருகிப்போனேன். வளையல் முழங்கை வரை ஏறியது, ரவிக்கை தொளதொளத்தது. குளிக்கிற இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நீரிழிவு என்றார்கள். இருபது வயதுகூட ஆகாதவளுக்கு நீரிழிவா என்று எங்கள் சனங்கள் நம்பவே இல்லை. அது வட்டிக்கடைச் செட்டியார்களுக்கு, உட்கார்ந்து நெய்ச்சோறு சாப்பிடுகிறவர்களுக்கு வருகிற வியாதி என்பது அவர்கள் எண்ணம்.

அன்றைக்கு வெள்ளைக்கார டாக்டர் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, வீட்டுக்காரரைக் கதவுப் பக்கம் அழைத்துப் போய்ப் பேசினார். டாக்டருக்கு உதவியாக இருந்த டிரசர் தமிழில் சொல்லச் சொல்ல இவர் தலையாட்டினார். வெகுநேரம் பேசினார்கள். திரும்பி வந்தவரிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஊசி போடணுமாம். இனிப்பு தொடக்கூடாதாம். வா போவலாம்."

அவ்வளவு நேரப் பேச்சுக்கு இவ்வளவுதானா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இன்சுலின் என்ற அந்த மருந்து மலாயாவுக்கு வந்து அதிக காலம் ஆகாத நேரம். ஊசி போட ஆரம்பித்ததும் தாகம் அடங்கியது, உடம்பில் சதை பிடித்தது. செத்தவள் எழுந்து வந்ததுபோல் இருந்தது எனக்கு. மறுபடி உண்டானேன்.

சந்தோஷமாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் விஷயத்தைக் கேட்டதும் மேசையில் கையால் அடித்தார். என்மேல் இல்லை, என் வீட்டுக்காரர்மேல் கத்தினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. டிரசர்தான் என்னைப் பார்த்து, ஏதோ நான் பெரிய குற்றம் செய்துவிட்டவள் மாதிரி கேட்டார்.

"என்னாம்மா இது? இனிமே புள்ள வேணாம்னு தொர அன்னைக்கே சொன்னாரே. ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. யாரும் சொல்லவில்லை. என் வயிறு, என் உடம்பு, அதில் ஓடுகிற சர்க்கரையும் என்னுடையது. சேதி மட்டும் ஒரு ஆணிடமிருந்து இன்னொரு ஆணுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். எனக்குத் தொண்டை வரைக்கும் கத்தல் வந்தது. டாக்டர் துரையின் முன்னால் கத்துவதற்கு எங்கள் வீட்டுப் பெண்களை யாரும் பழக்கவில்லை. விழுங்கிக்கொண்டேன். அந்த விழுங்கல் ரொம்ப நாள் நெஞ்சிலேயே நின்றது.

அந்த வார்டில் யாழ்ப்பாணத்து மிஸ்ஸி ஒருத்தி இருந்தாள். அங்கே நர்ஸ்களை எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் போனதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு எல்லாவற்றையும் சொல்லுங்கள், ஒன்றுவிடாமல் சொல்லுங்கள் என்றேன். முதலில் தயங்கினாள். பிறகு சொன்னாள். மறுபடி உண்டானால் தாய், பிள்ளை இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும் என்று டாக்டர் சொன்னதையும், இரண்டும் போகலாம் என்று சொன்னதையும் சொன்னாள். நான் அழவில்லை. என்ன செய்தால் இரண்டும் மிஞ்சும் என்று கேட்டேன்.

கண்ணாடிக் குழாயும் நீல மருந்தும் கொண்டுவந்து காட்டினாள். நீல மருந்தில் என் சிறுநீரைச் சில சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும்.

"இதைப் பாரும் தங்கச்சி. நீலமாவே நிண்டால் நல்லது. பச்சை எண்டால் கவனமா இரும். செங்கல் நிறம் வந்தால் இருக்கப்படாது, உடனே இஞ்சை வாரும்."

ஊசியைக் கொதிக்க வைப்பது, மழுங்கினால் கல்லில் தீட்டுவது, தொடையில் குத்துவது எல்லாம் கற்றுக்கொடுத்தாள். மருந்து சூட்டில் இருக்கக்கூடாது என்றாள். எங்களிடம் ஐஸ் பெட்டிக்கு எங்கே போவது? மண்பானைக்கு அடியில் கொட்டிவைத்த ஈர மணலில் குப்பியைப் புதைத்து வைத்தேன். இன்னொன்றும் சொன்னாள். ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும், வேர்த்துக் கை நடுங்கும், அப்போது உடனே சீனி வாயில் போட வேண்டும், இல்லாவிட்டால் ஆளே போய்விடும். அதனால் ஒரு சின்னப் பொட்டலம் சீனி எப்போதும் என் இடுப்பில் இருந்தது. தொடக்கூடாத சீனியே மருந்தும் ஆகும் என்பதை எங்கள் வரிசையில் யாருக்கும் என்னால் விளக்க முடியவில்லை. விளக்கினால் சிரித்தார்கள்.

ஏழாம் மாதம் நாத்தனார் வளைகாப்பு வைத்தாள். வேண்டாம் என்றேன். மூத்ததுக்குச் செய்தது இதற்குச் செய்யாவிட்டால் எப்படி என்றாள். மூத்தது என்ன ஆனது என்று கேட்க வாய் வந்தது. சர்க்கரைப் பொங்கல், தேங்காய்ச் சோறு, புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு என்று வகை வகையாகத் தட்டில் வைத்து, வரிசைப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து வளையல் போட்டு ஒரு வாய் ஊட்டினார்கள். புள்ளத்தாச்சி வேண்டாம் என்று சொன்னால் அபசகுனம். மறுத்தவளை விட்டுவிடுவார்களா? நாத்தனார் உள்ளங்கை நிறையச் சர்க்கரைப் பொங்கலை எடுத்து என் வாயில் திணித்தாள். நெய் தாடையில் வழிந்தது. வாங்கிக்கொண்டு, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் முந்தானையில் துப்பினேன். அடுத்தவள் ஊட்டினாள், அதையும் துப்பினேன். முந்தானை கனத்துப் பிசுபிசுத்தது. எழுந்து உள்ளே போகும்போது அதிலிருந்து ஒரு கட்டி தரையில் விழுந்தது. நாத்தனார் பார்த்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு நான் கள்ளி. முந்தானையில் துப்புகிறவள் முந்தானையில் முடிந்துவைத்துத் தின்னவும் செய்வாள் என்று வீட்டுக்காரரிடமே சொன்னாளாம். அவர் அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை.

அந்த மாதங்களில் நான் உண்ட சோற்றை உண்டேன் என்றே சொல்ல முடியாது. கைப்பிடி அளவு சோறு, கீரை, மீன், முட்டை, மறுபடி கீரை. காலையில் கண்ணாடிக் குழாய், மதியம் குழாய், சாயங்காலம் குழாய். நீலம் வந்தால் அன்றைக்கு ஒரு உயிர் எனக்கு. பச்சை வந்தால் சண்டை, யாரோடு என்றில்லை. சட்டிபானை எல்லாவற்றோடும் சண்டை போட்டேன். வீட்டுக்காரர் மாதாமாதம் தவறாமல் மருந்துக் குப்பியை வாங்கி வந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். வாங்கி வருவார், வைப்பார், பேசமாட்டார்.

கடைசி மாதத்தில்தான் மூத்தது போயிற்று என்பதால், இந்தப் பிள்ளையை மாதம் நிறையுமுன்பே பிறக்கவைக்க டாக்டர் முடிவு செய்தார். விளக்கெண்ணெயும் கொயினா மாத்திரையும் கொடுத்து வலியை வரவழைத்தார்கள். பெண் குழந்தை. பிறந்ததும் அழுதது. அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் நான் அழுதேன். குழந்தைக்குச் சர்க்கரை இறங்கிவிடும் என்று மிஸ்ஸி முதலில் பஞ்சில் நனைத்துக் கொடுத்தது சர்க்கரைத் தண்ணீர். நான் மாதக்கணக்காக வாயை இறுகக் கட்டிப் பெற்ற பிள்ளை, வந்ததும் வராததுமாகச் சர்க்கரை குடித்தது. வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. இனி நான் இருந்தாக வேண்டும் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். இரண்டில் ஒன்று என்றார்கள் இல்லையா? இரண்டும் இருந்து காட்ட வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்வது தாய்வீட்டு முறை. ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் வீட்டுக்காரர் என்னையும் குழந்தையையும் ரயிலில் கிள்ளானுக்குக் கூட்டிப்போனார். அப்பாவுக்குத் துறைமுகக் கிட்டங்கியில் வேலை. அம்மா, அப்பா இரண்டே பேர்தான் வீட்டில். எங்கள் வீட்டில் மாமியார் மருமகன் முன்னால் வந்து நிற்கமாட்டாள். அவர் வந்தால் அம்மா அடுப்படிக்குப் போய்விடுவாள். கதவிடுக்கில் நின்று அப்பாவிடம் சொல்லுவாள், அப்பா இவரிடம் சொல்லுவார். கல்யாணத்தன்று தொடங்கி அந்த நாள் வரை அம்மா இவரிடம் நேராக ஒரு சொல் பேசியதில்லை.

வீட்டுக்காரர் மருந்துக் குப்பியை அப்பாவிடம் கொடுத்தார்.

"மாமா, இது சூட்டுல படக்கூடாது. பட்டா கெட்டுடும். நெனப்பா இருங்க."

அப்பா சரி சரி என்றார். அம்மா அடுப்படியில் மாப்பிள்ளைக்குக் கோழி வறுத்துக்கொண்டிருந்தாள். அப்பா உள்ளே போய் அவளிடம் குப்பியைக் கொடுத்து, பத்திரமா வையி என்றார். நான் என் பங்குக்கு, ஈர மணலில் புதைத்து வை அம்மா என்றேன். அவள் அப்படியே செய்தாள். அம்மா சொன்னதைச் செய்கிறவள்.

பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்பு என்பார்கள். பச்சை உடம்புக்குக் குளிர்ச்சி கூடாது. பச்சைத் தண்ணீர் கூடாது, காற்று கூடாது, தலையில் துணி, காதில் பஞ்சு. சன்னல் சாத்திய அறை, மூலையில் நெருப்புச் சட்டி, எப்போதும் சாம்பிராணிப் புகை. குளிக்க வேப்பிலையும் நொச்சியும் போட்டு அண்டாவில் தளதளவென்று கொதிக்கும் வேதுத் தண்ணீர். குளிர்ச்சி ஏறினால் ஜன்னி கண்டுவிடும் என்பது அம்மாவின் பயம். அவளுடைய தங்கை அப்படித்தான் போனாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சாப்பாட்டு விஷயத்தில் நான் சொன்னதையெல்லாம் அம்மா கேட்டாள். வெல்லம் போடாமல் பிள்ளை பெற்றவளுக்கான காய மருந்து இடித்தாள். பூண்டு, மிளகு, சுறாப்புட்டு, கீரை என்று என் கணக்குக்கே சமைத்தாள். பெருமையாக இருந்தது எனக்கு.

குழந்தையைப் பார்க்க ஒருநாள் நாத்தனார் கோலாலம்பூரிலிருந்து வந்தாள். மதிய ஊசியைப் போட்டுவிட்டேன். அதே நேரம் குழந்தை அழுதது, பால் கொடுத்தேன், நாத்தனார் பேசிக்கொண்டே இருந்தாள், சோறு வரத் தாமதமாயிற்று. உடம்பெல்லாம் சில்லென்று வேர்த்தது. கை நடுங்கியது, கண் இருண்டது. இடுப்பிலிருந்த பொட்டலத்தைப் பிரித்துச் சீனியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.

ஓடிவந்த அம்மா என் கையைத் தொட்டுப் பார்த்து, "ஐயோ, ஐஸ் மாதிரி இருக்காளே" என்று அலறினாள். நாத்தனார் ஒன்றும் அலறவில்லை. என் வாயோரம் ஒட்டியிருந்த சீனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் எனக்குச் சரியாகிவிட்டது. ஊசி மருந்து கொஞ்சம் தூக்கிவிட்டது, சோறு தாமதம், அவ்வளவுதான் என்று இருவரிடமும் சொன்னேன். நாத்தனார் ம்ம் என்றாள். அம்மாவும் ம்ம் என்றாள். அந்த இரண்டு ம்ம்-இல் எதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

ரெண்டு மூன்று நாளில் குழாயில் பச்சை வந்தது. பிறகு மஞ்சள். சோற்றைக் குறைத்தேன். மறுநாள் செங்கல் நிறம். சோற்றையே நிறுத்திவிட்டு முட்டையும் கீரையும் மட்டும் தின்றேன். மறுபடி அதே செங்கல் நிறம். ஊசியைக் கூட்டிப் போட்டேன். அசையவில்லை. பழைய தாகம் திரும்பி வந்தது. மூத்ததைத் தின்ற அதே தாகம். அம்மா தந்த வெந்நீரைச் செம்பு செம்பாகக் குடித்தேன். பால் வற்றிக்கொண்டே வந்தது. குழந்தை முலையைக் கடித்து இழுத்துவிட்டு அழுதது. வயிறு குமட்டியது, மூச்சு வாங்கியது. ஊசியும் மருந்தும் அம்மாதான் அடுப்படியிலிருந்து ஒரே தட்டில் கொண்டுவருவாள், தீட்டு உடம்போடு நான் அடுப்படிக்குப் போகக்கூடாது. குப்பி வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. கொதித்த ஊசியோடு சேர்ந்து வருகிறது, அந்த அறையில் எதுதான் சூடாக இல்லை என்று விட்டுவிட்டேன்.

ரயிலேறி ஆஸ்பத்திரிக்குப் போகும் தெம்பு எனக்கு இல்லாததால் அப்பா வீட்டுக்காரருக்கு ஆள் அனுப்பினார். வீட்டுக்காரர் புதுக் குப்பியை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு காலை ரயிலில் வந்தார். ஆஸ்பத்திரியில் டிரசரைக் கேட்டிருக்கிறார். மருந்து ஒழுங்காகப் போட்டும் இப்படி ஆனால், திருட்டுத்தனமாக எதையோ தின்கிறாள் என்று டிரசர் சொல்லியிருக்கிறார். அக்காளும் சொல்லியிருக்கிறாள். அறை வாசலில் வந்து நின்றார்.

"என்ன தின்னே?"

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தலையை ஆட்டினேன்.

"பொய் சொல்லாத. சீனிய முடிஞ்சு வச்சு அள்ளித் தின்னியாமே, அக்கா கண்ணால பாத்துருக்காங்க. ஒரு புள்ளயத் தின்னது பத்தாதா? இதுவும் தாயில்லாம நிக்கணுமா? சொல்லு, என்ன தின்னே?"

ஒரு பிள்ளையைத் தின்றவள். அதைச் சொன்னவர் என் வீட்டுக்காரர். எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. முடிந்திருந்தால் பக்கத்திலிருந்த நெருப்புச் சட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன், இதில் மிகை இல்லை. அப்பா திண்டாடிக்கொண்டு நின்றார். அப்போது அடுப்படிக் கதவு திறந்தது.

அம்மா வெளியே வந்தாள். தலையில் முக்காடு இல்லை, கையில் வேதுத் தண்ணீர் மொள்ளும் செம்பு. நேராக வந்து மருமகன் முன்னால் நின்றாள்.

"மாப்பிள்ளே, எம்மவ ஒன்னும் திங்கல. நான் ஆக்கிப் போட்டதத் தவிர ஒரு பருக்க அவ வாயில படல. வெல்லம் போடல, சீனி போடல. அந்த ஊசி மருந்தக்கூட நான் பச்சையா ஏத்த விடல. அன்னைக்கு அது குளுந்துபோய்த்தான் அவளுக்கு ஒடம்பே ஐஸாப் போச்சு. அதுலேருந்து ஒவ்வொரு வாட்டியும் வேது அண்டாவுல போட்டுக் கொதிக்க விட்டு எடுத்துத்தான் குடுத்தேன். எடுத்ததும் மறுபடி மணல்லயே வச்சேன். இதுக்கு மேல ஒரு தாய் என்னா பாக்கணும்?"

எனக்காகச் சாட்சி சொல்ல வந்தவள் அவள். தான் என்ன சொல்லிவிட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டுக்காரர் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

"கொதிக்க விட்டீங்களா, அத்தே?"

"ஆமாங்க. பச்ச ஒடம்பாச்சே."

அப்பாதான் முதலில் கத்தினார். "அறிவு கெட்டவளே, சூட்டுல வச்சா மருந்து செத்துடும்டீ! எம்மவளக் கொன்னுட்டியேடீ!"

அம்மாவின் முகம் வெளுத்தது. செம்பு கையிலிருந்து நழுவித் தண்ணீர் தரையெங்கும் ஓடியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. அப்பாவைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஒங்களுக்குத் தெரியுமில்ல? சூட்டுல வைக்கக்கூடாதுன்னு ஒங்களுக்குத் தெரியுமில்ல? தொர மாப்பிள்ளகிட்ட சொன்னாரு. மாப்பிள்ள ஒங்ககிட்ட சொன்னாரு. நீங்க எங்கிட்ட என்னா சொன்னீங்க? பத்திரமா வையின்னீங்க. வச்சேன். அடுப்புல நிக்கறவ நானு, அவளத் தொட்டுப் பாக்கறவ நானு. எங்கிட்ட யாரு சொன்னா? யாரு சொன்னா எங்கிட்ட?"

தாகத்தில் தொண்டை எரிந்துகொண்டிருந்தது. அம்மாமேல் எனக்குக் கோபம் இல்லை என்றால் அது பொய். என்னை வேகவைத்த மருந்தால் கொல்லப் பார்த்தவள் அவள்தான். ஆனால் அந்தக் குரலை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னால் நான் விழுங்கிய கத்தல் அது. அம்மா எனக்கும் சேர்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

புதுக் குப்பியிலிருந்து வீட்டுக்காரர்தான் ஊசியில் ஏற்றினார். நானே வாங்கிக் குத்திக்கொண்டேன். டிரசர் சொல்லியனுப்பியபடி இடைவெளி விட்டு மறுபடி போட்டோம், உப்புத் தண்ணீர் குடித்தேன். பொழுது சாயும் நேரத்தில் மூச்சு ஒழுங்கானது. நாக்கில் ஈரம் வந்தது. குழாயில் செங்கல் நிறம் மஞ்சளாக மாறியதை அம்மாவுக்கும் காட்டினேன். அவள் கண்ணாடிக் குழாயைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பிறகு அம்மா என் பாய்க்குப் பக்கத்தில், மருமகனுக்கு எதிரே, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அடுப்படிக்குப் போகவில்லை.

"இப்பச் சொல்லுங்க மாப்பிள்ளே. மொதல்லேருந்து சொல்லுங்க. என்னா வியாதி, என்னா மருந்து, தொர என்னா சொன்னாரு."

அவர் சொன்னார். குப்பியை எப்படி வைப்பது, ஊசிக்கும் சோற்றுக்கும் எவ்வளவு இடைவெளி, வேர்த்தால் ஏன் சீனி போட வேண்டும் என்று எல்லாம் சொன்னார். நன்றாகவே சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இவ்வளவு அழகாகச் சொல்லத் தெரிந்த மனிதர் இத்தனை நாள் வாயில் என்ன வைத்திருந்தார்? அம்மா இடையிடையே கேள்வி கேட்டாள். அந்தச் சீனி அக்காள் சொன்ன திருட்டுச் சீனி இல்லை என்பது அவர் வாயாலேயே வந்தது. கடைசியில் அவர் குரல் உடைந்தது.

"மறுபடி உண்டானா ரெண்டுல ஒன்னுதான் மிஞ்சும்னு தொர அப்பவே சொன்னாரு, அத்தே. அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அம்மா அவரைத் தேற்றவில்லை.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அங்கதான் படுத்திருக்கா. அவளப் பாத்துச் சொல்லுங்க."

அவர் துண்டை எடுத்தார். திரும்பி, எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்து, அதே வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். குழந்தை பசித்து அழ ஆரம்பித்தது.

"தெரியும்" என்றேன். "புள்ளயக் குடுங்க."